கடைசி வரிசைக்கும் தெரியட்டும்



முதல் முறையாக ஒரு கூட்டத்தின் முன்னால் பவர்பாயிண்ட் போட்டுப் பேசப் போகிற உனக்காக இதை எழுதுகிறேன். நீ நம் மலாக்காவில், பாயா ரும்புட் பக்கம் தமிழ்ப்பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியராக இருக்கலாம். கிளேபாங்கில் ஓர் இளைஞர் மன்றத்தின் செயலாளராக இருக்கலாம். புத்தாக்கப் போட்டிக்குப் போகிற மாணவராகவும் இருக்கலாம். வண்ணம், படம், அசைவு எல்லாவற்றையும் சொல்லித்தர ஆள் உண்டு. வரிக்கும் வரிக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்று சொல்லித்தர ஆள் குறைவு. எங்கள் தலைமுறை இதைத் தடுக்கித் தடுக்கித்தான் கற்றது. கரும்பலகையில் எழுதினோம், மஹ்ஜோங் தாள் எனும் பெரிய தாளில் எழுதினோம், ஓ.எச்.பி. கருவியின் ஒளிபுகும் தாளில் எழுதினோம், பிறகு கணினிக்கு வந்தோம். கருவி மாறியது, படிக்கிற கண் மாறவில்லை. அந்தக் கண்ணுக்கு நீ காட்டும் மரியாதை, வரிகளுக்கு நடுவே நீ விடும் இடத்தில் தெரியும். பொறுமையாகப் படி. ஒரே நாளில் எல்லாம் கைவராது.

1. கடைசி வரிசையில் இருப்பவரை நினைத்துக்கொண்டு தொடங்கு.

நம் மண்டபங்களை நீ அறிவாய். தரை சமதளம், நாற்காலிகள் நெருக்கம், இரு பக்கமும் சன்னல் வெளிச்சம். முன் வரிசையில் தலைமையாசிரியரும் செயலவையினரும் உட்கார்வார்கள். வேலை முடிந்து சீருடையோடு வருகிற தகப்பன், கைக்குழந்தையோடு வருகிற தாய், பேரனுக்காக வந்த பாட்டி எல்லாரும் பின்னால்தான். யாருக்கு அந்தச் செய்தி அதிகம் வேண்டுமோ அவர்களே மிகத் தொலைவில் இருக்கிறார்கள். ஒரு கூட்டத்தில் உதவித்தொகைப் படிவம் பற்றிய ஸ்லைடு ஓடிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் இருந்த மூதாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். மறுபடியும் துடைத்துப் பார்த்தார். அவர் கண்ணில் குறையில்லை. திரையில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கடைசியில், “எனக்குப் படிப்பு கம்மி ஐயா” என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். எழுதியவர் செய்யாத வேலைக்கு, படிக்க வந்தவர் தம்மைக் குறை சொல்லிக்கொண்டார். எவரையும் அந்த நிலைக்குத் தள்ளிவிடாதே. ஸ்லைடைத் திறக்கும்போதே அந்தப் பாட்டியின் முகம் உன் மனதில் இருக்கட்டும். பாதி முடிவுகள் தாமே சரியாக வரும்.

2. தமிழ் எழுத்தின் உடம்பை அறிந்துகொள்.

நாம் மூன்று மொழியில் தட்டச்சு செய்கிறவர்கள். மலாயும் ஆங்கிலமும் ரோமன் எழுத்தில் வருகின்றன. அதில் மேலே நீள்பவையும் கீழே இறங்குபவையும் சில. மற்றவை நடுவிலேயே அடங்கிவிடும். தமிழ் அப்படியில்லை. மெய்யின் புள்ளி மேலே நிற்கும். இகர, ஈகாரச் சுழி மேலே வளையும். உகர, ஊகாரக் குறி பெரும்பாலும் கீழே இறங்கும். த, ந, ர, ற, ஞ, ழ ஆகியவற்றுக்குப் பல எழுத்துருக்களில் கீழே ஒரு காலும் உண்டு. ஒரு சின்னச் சோதனை செய்து பார். நம் கிளேபாங் கடற்கரையில் நிற்கும் பழைய பிரெஞ்சு நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றி ஸ்லைடு செய்வதாக வைத்துக்கொள். முதல் வரியில் ‘நீர்மூழ்கி’ என்று தட்டு. நேர் கீழே ‘கிளேபாங்கில்’ என்று தட்டு. வரி இடைவெளியை 0.8க்குக் குறைத்துப் பார். மேல் வரியின் ‘நீ’ காலை நீட்டுகிற இடத்தில்தான் கீழ் வரியின் ‘கி’ சுழியைத் தூக்குகிறது. ‘மூ’வையும் ‘ழ்’ஐயும் தாங்கிய பகுதி இறங்கிவர, கீழே ‘ங்’ தன் புள்ளியோடு எதிரே நிற்கிறது. புள்ளி மேல் வரியில் ஒட்டிக்கொண்டால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகத் தெரியும். படிப்பவர் ஒரு கணம் திகைத்து, திரும்பி வந்து, மறுபடி படிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு வரியிலும் அப்படி ஒரு திகைப்பு வந்தால் நான்காவது வரியில் அவர் படிப்பதையே விட்டுவிடுவார். உன் மொழியின் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும் என்பதை மதித்து நட.

3. கருவி கொடுத்த அளவை அப்படியே ஏற்காதே.

பவர்பாயிண்ட் 1987இல் ஃபோர்தாட் என்ற அமெரிக்க நிறுவனத்தில் ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் என்ற இருவரின் முயற்சியால் மெக்கின்டாஷ் கணினிக்காக வந்தது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கிக்கொண்டது. நல்ல கருவி; ஆனால் அது முதலில் ரோமன் எழுத்தைப் பார்த்துப் பழகிய கருவி. அண்மைக்கால ஆஃபிஸ் பதிப்புகளில் வெற்று ஸ்லைடைத் திறந்தால் வரி இடைவெளி 0.9 என்றுதான் இருக்கும். ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். அதே பெட்டியில் தமிழைக் கொட்டினால் எழுத்துகள் நெருக்கிக்கொள்ளும். ஹோம் பட்டையில் பேராகிராஃப் பகுதிக்குப் போ. லைன் ஸ்பேசிங் பொத்தானை அழுத்து. 1.0, 1.5, 2.0 என்று வரிசையாகக் காட்டும்; அவற்றோடு நின்றுவிடாதே. கீழே உள்ள லைன் ஸ்பேசிங் ஆப்ஷன்ஸைத் திற. அங்கே மல்டிபிள் என்பதைத் தேர்ந்து, பக்கத்துக் கட்டத்தில் 1.2 அல்லது 1.25 என்று தட்டு. இதற்கு ஒரு கணக்கு உண்டு. பவர்பாயிண்டில் 1.0 என்றாலே வரியின் உயரம் பொதுவாக எழுத்தளவைப்போல் ஏறத்தாழ 1.2 மடங்கு. அதை 1.25ஆல் பெருக்கினால் ஒன்றரை மடங்கு வருகிறது. இணையப் பக்கங்களுக்கு நெறி வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018இல் வெளியிட்ட அணுகல் நெறிகளும் அதே அளவைத்தான் பேசுகின்றன: படிப்பவர் தம் வசதிக்காக வரி உயரத்தை எழுத்தளவின் ஒன்றரை மடங்காக உயர்த்தினாலும் பக்கம் சிதையக்கூடாது என்று. பார்வை மங்கியவர்களையும் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்களையும் நினைத்து எழுதிய நெறி அது. அவர்கள் நம் கூட்டத்திலும் இருக்கிறார்கள்.

4. கண் தன் நிரையிலேயே நடக்கட்டும்.

1896இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அதன்பின் மலாக்காவில் தோட்டங்கள் பெருகின. நம் தாத்தா பாட்டிமார் அந்தப் பால்மரக் காடுகளில் நிரை பிடித்து மரம் சீவியவர்கள். நிரைக்கு நிரை உள்ள இடைவெளி, ஒரே நிரையில் மரத்துக்கு மரம் உள்ள இடைவெளியைவிட அகலமாக இருக்கும். அதனால்தான் விடியாத இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனவர்கூடத் தம் நிரையை விட்டு அடுத்ததற்குத் தவறிப் போகவில்லை. படிக்கிற கண்ணும் அப்படித்தான் நடக்கிறது. சொல்லுக்குச் சொல் உள்ள இடத்தைவிட வரிக்கு வரி உள்ள இடம் தெளிவாகக் கூடுதலாக இருந்தால் கண் தன் வழியே போகும். இதில் இரண்டு செய்தி உண்டு. ஒன்று, பத்தியை இரு ஓரமும் சமமாக இழுக்கும் ஜஸ்டிஃபை பொத்தானைத் தொடாதே. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இழுத்துப் பிடித்தால் சொற்களுக்கு நடுவே பெரிய பள்ளங்கள் விழும், கண் பக்கவாட்டில் போவதை விட்டுக் கீழே இறங்கிவிடும். இடப்பக்கம் சேர்த்தே வை. இரண்டு, இப்போதைய அகல ஸ்லைடில் ஒரு வரி இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஓடுகிறது. வரி நீள நீள, அதன் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்புவது கடினம். பெட்டியின் அகலத்தை மூன்றில் இரண்டு பங்காகக் குறை. முடியாவிட்டால் வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டு.

5. கருத்தைப் பிரிக்க வெற்று வரியைப் போடாதே.

ஒரு கருத்து முடிந்ததும் எண்டர் பொத்தானை இரண்டு முறை தட்டுவது புதியவர்கள் எல்லாரிடமும் உள்ள பழக்கம். பார்க்க இடம் விட்டது போலத்தான் இருக்கும். நாளைக்கு எழுத்தளவை மாற்றினால் அந்த வெற்று வரியும் தானே பெருக்கும், சிறுக்கும்; ஒரு வரியைச் சேர்த்தால் எல்லாம் சரியும். அதே பேராகிராஃப் பெட்டியில் பிஃபோர், ஆஃப்டர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. பத்திக்கு முன்னும் பின்னும் எத்தனை புள்ளி (பாயிண்ட்) இடம் வேண்டும் என்பதை அங்கே சொல். ஒரே கருத்தின் இரண்டு வரிகளுக்கு நடுவே உள்ள இடத்தைவிட, இரண்டு கருத்துகளுக்கு நடுவே உள்ள இடம் கண்ணுக்குத் தெரியும்படி அதிகமாக இருக்கட்டும். 28 புள்ளி எழுத்துக்கு 12 முதல் 18 புள்ளி வரை வைத்துப் பார். ஒரே கருத்துக்குள் வரியை உடைக்க வேண்டுமானால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு எண்டரைத் தட்டு. குறளைப் போடும்போது இது உனக்கு மிகவும் உதவும். நான்கு சீர் ஒரு வரியிலும் மூன்று சீர் அடுத்த வரியிலும் நிற்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரே குறளாகவும் தெரிய வேண்டும். வெறும் எண்டர் போட்டால் இரண்டு வரியும் இரண்டு தனிக் கருத்தாகப் பிரிந்துவிடும். உறவுள்ளது அருகில் இருக்கட்டும், உறவில்லாதது விலகி நிற்கட்டும். ஒழுங்கு என்பது அவ்வளவுதான்.

6. இடம் போதாவிட்டால் சொல்லைக் குறை, இடைவெளியைக் குறைக்காதே.

இத்தனை அறிவுரையில் ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்றால், இதை வைத்துக்கொள். இப்போதைய ஸ்லைடின் உயரம் 7.5 அங்குலம், அதாவது 540 புள்ளி. தலைப்பும் ஓரமும் போக, எழுதும் பெட்டிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 340 புள்ளி. 28 புள்ளி எழுத்தில் 1.25 இடைவெளி வைத்தால் ஒரு வரிக்கு 42 புள்ளி வேண்டும். எட்டு வரி கொள்ளும். கருத்துகளுக்கு நடுவே இடமும் விட்டால் ஆறு, ஏழு வரிதான். உன்னிடம் பன்னிரண்டு வரி இருக்கிறது. இங்கேதான் உன் குணம் சோதிக்கப்படுகிறது. இடைவெளியை 0.8க்கு இழுத்தால் பன்னிரண்டும் அடங்கிவிடும். “எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்” என்ற திருப்தி உனக்குக் கிடைக்கும். கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

ஒரு ஸ்லைடில் இப்படி எழுதியிருந்தார்கள்: ‘பெற்றோர் ஆசிரியர் சங்கச் சந்தாவை இதுவரை செலுத்தாத பெற்றோர்கள் அனைவரும் வருகின்ற வெள்ளிக்கிழமைக்குள் பள்ளி அலுவலகத்திற்கு நேரில் வந்து செலுத்திவிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ நான்கு வரி. ‘சந்தா: வெள்ளிக்கிழமைக்குள், பள்ளி அலுவலகத்தில்’ என்று எழுதினால் ஒரே வரி. அன்பை உன் குரலில் சொல். திரையில் நாளும் இடமும் நிற்கட்டும். அப்படியும் மிஞ்சினால் அடுத்த ஸ்லைடுக்குக் கொண்டு போ. 1924இல் தொடங்கி 2019 வரை நம் வீடுகளுக்கு வந்த தமிழ் நேசனைப் போன்ற நாளிதழ்களுக்குத் தாளும் மையும் காசு; நெருக்கி அச்சிடுவதற்கு ஒரு நியாயம் இருந்தது. படிப்பவரும் அதைக் கையில் பிடித்து, கண்ணுக்கு அருகில் கொண்டுவர முடிந்தது. ஸ்லைடில் இன்னொரு பக்கத்துக்குக் காசு இல்லை. திரையைக் கண்ணுக்கு அருகே கொண்டுவரவும் ஒருவராலும் முடியாது. பிறகு ஏன் நெருக்க வேண்டும்? நமக்குத் தெரிந்ததையெல்லாம் காட்ட வேண்டும் என்ற ஆசையால்தான். அந்த ஆசையை அடக்கு. விட்டுச் சொல்லத் தெரிந்தவனே தெரிந்தவன்.

7. தானாகச் சுருங்குவதற்கு இடம் கொடுக்காதே.

நீ எழுதிக்கொண்டே போகும்போது பெட்டி நிறைந்தால் பவர்பாயிண்ட் உன்னைக் கேட்காமலே எழுத்தைச் சுருக்கும். எழுத்தோடு நிற்காது, வரி இடைவெளியையும் 10 விழுக்காடு, 20 விழுக்காடு என்று குறைத்துவிடும். நீ ஒரு முறை கவனமாக வைத்த 1.25 உன் கண்முன்னாலேயே கரைந்துபோகும்.  அதனால்தான் ஒரே தொகுப்பில் ஒரு ஸ்லைடு விசாலமாகவும் அடுத்தது நெருக்கமாகவும் வருகிறது. பெட்டியின்மீது வலச்சொடுக்கி ஃபார்மட் ஷேப், டெக்ஸ்ட் ஆப்ஷன்ஸ், டெக்ஸ்ட் பாக்ஸ் என்று போய், டூ நாட் ஆட்டோஃபிட் என்பதைத் தேர்ந்துகொள். இனி எழுத்து நிறைந்தால் பெட்டிக்கு வெளியே வழியும். வழியட்டும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அது உனக்குக் காட்டிக்கொடுக்கிறது. உன் அளவை நீயே அறிந்து நிறுத்து. இன்னொன்று வந்து அமுக்கி அடக்கும்வரை காத்திருக்காதே. வாழ்க்கைக்கும் இது ஆகும்.

8. நல்ல எழுத்துருவைத் தேர்ந்து, அதன் இயல்பை மதித்து நட.

எல்லா எழுத்துருவும் ஒரே உயரம் கொண்டவையல்ல. விண்டோஸில் உள்ள லதா, நிர்மலா யூஐ, கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவற்றை ஒரே அளவில், ஒரே இடைவெளியில் மூன்று ஸ்லைடில் போட்டுப் பார். வரிகள் வேறு வேறு தூரத்தில் நிற்கும். சில எழுத்துருக்கள் மேலும் கீழும் இடத்தைத் தம்மோடே தூக்கிக்கொண்டு வருகின்றன; அவற்றுக்கு 1.0 அல்லது 1.1 போதும். எண்ணை நம்பாதே, கண்ணை நம்பு. நம் நாட்டவர் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர்; ஆப்பிள் கணினியில் இருக்கும் இணைமதி எழுத்துருவும் அவர் வரைந்ததுதான். ஒவ்வோர் எழுத்தின் சுழிக்கும் காலுக்கும் இடம் யோசித்து வரைந்தவர்களின் உழைப்பு அது. அலங்காரத்துக்கு ஆசைப்பட்டு எங்கிருந்தோ இறக்கிய எழுத்துருவைப் போடும்முன், இப்படிப்பட்ட உழைப்பை ஒருமுறை நினைத்துக்கொள்.

நமக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. கல்வி அமைச்சிலிருந்து வந்த மலாய் ஸ்லைடில் தமிழைக் கலந்து எழுதுகிறோம். மல்டிபிள் முறையில், தமிழ் இருக்கிற வரி உயர்ந்தும் மலாய் மட்டும் இருக்கிற வரி தாழ்ந்தும் நிற்கும். பத்தி மேடு பள்ளமாகிவிடும். அப்போது எக்ஸாக்ட்லி என்ற முறையைத் தேர்ந்து, 28 புள்ளி எழுத்துக்கு 40 அல்லது 42 புள்ளி என்று கட்டளையிடு. எல்லா வரியும் சமமாகும். ஆனால் நினைவில் வை: பிறகு எழுத்தைப் பெரிதாக்கினால் அந்த 42 தானாக மாறாது, நீதான் மாற்ற வேண்டும். இன்னொருவர் மடிக்கணினியில் காட்டப் போகிறாய் என்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் எழுத்துருவைக் கோப்போடு பதித்துவிடு. ஒரு பிடிஎஃப் படியையும் கையில் வைத்துக்கொள். எழுத்துரு இல்லாத கணினியில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும்; நீ அளந்து வைத்த இடமெல்லாம் கலைந்துவிடும்.

9. அளவுக்கு மிஞ்சாதே.

இடைவெளி நல்லது என்று தெரிந்தவுடன் சிலர் 2.0, 2.5 என்று ஏற்றிவிடுவார்கள். அப்போது ஒரே வாக்கியத்தின் வரிகள் ஒன்றையொன்று அறியாதவைபோல் நிற்கும். எங்கே ஒரு கருத்து முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று பார்ப்பவருக்குப் புரியாது. தலைப்பு இரண்டு வரிக்குப் போனால் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளலாம். எழுத்து பெரிதாக இருப்பதால் 1.0 அல்லது 1.1 போதும். மேற்கோளோ கவிதையோ தனியாக நின்றால் கொஞ்சம் கூடுதலாக விடலாம். ஒரு தொகுப்புக்குள் இப்படி இரண்டு மூன்று அளவுகளுக்கு மேல் வைக்காதே. மாசி மகத்துக்காகச் செய்த ஓர் அறிவிப்பில் ஒவ்வொரு ஸ்லைடும் ஒவ்வோர் இடைவெளியில் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். செய்தவர் ஆர்வமுள்ள பிள்ளை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அழகுபடுத்தியிருந்தார். சேர்த்துப் பார்த்தபோது அழகு போயிருந்தது. ஒன்றுபோல் இருப்பதும் ஓர் அழகு. அதற்கு அடக்கம் வேண்டும்.

10. இந்த மண்ணில் முன்னால் உழைத்தவர்களை நினைத்துக்கொள்.

கணினிக்கு முன்னால் அச்சு இருந்தது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானபோதே தமிழ் எழுத்து உலோகத்தில் வார்க்கப்பட்டுவிட்டது. அச்சுக்கோப்பவர்கள் வரிக்கும் வரிக்கும் நடுவே மெல்லிய ஈயப் பட்டையைச் செருகுவார்கள். நீ இன்று ஒரு கட்டத்தில் 1.25 என்று தட்டுகிறாயே, அந்த இடம் ஒரு காலத்தில் கையால் எடுத்து வைத்த ஈயம். நம் மலாக்காவிலேயே 1815இல் வந்த வில்லியம் மில்னும் அவரோடு இருந்த லண்டன் சமயப் பணியாளர்களும் அச்சுக்கூடம் நடத்தினார்கள். அவர்களுக்கு மலாய் கற்றுக்கொடுத்து, மொழிபெயர்ப்பிலும் துணை நின்றவர் முன்ஷி அப்துல்லா. 1796இல் இதே மலாக்காவில் பிறந்தவர். நாகூரில் குடியேறிய ஏமன் நாட்டவரின் வழியில் வந்தவர். சிறு வயதில் தமிழும் படித்தவர். மலாக்காவில் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் கற்பது அந்நாளில் வழக்கம் என்று அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். எழுத்தை இன்னொருவர் கண்ணுக்குக் கொண்டு சேர்ப்பதற்காக இந்த ஊரில் எத்தனையோ கைகள் பாடுபட்டிருக்கின்றன. உன் வேலை மிகச் சிறியது என்று நினைத்துவிடாதே. நீ அந்த வரிசையில் வந்து நிற்கிறாய்.

11. முன்கூட்டியே போய், பின்னால் உட்கார்ந்து பார்.

வீட்டில் மடிக்கணினி உன் முகத்துக்கு முன்னால் இருக்கிறது. அங்கே எல்லாமே தெரியும். கூட்டத்தன்று கொஞ்சம் முன்னதாகப் போ. எல்சிடி படவீழ்த்தியைப் போடு. சன்னல்களைத் திறந்தபடியே விடு. கூட்டம் நடக்கும்போது அவை திறந்துதான் இருக்கும். கடைசி வரிசை நாற்காலியில் போய் உட்கார். முன்னால் இரண்டு பேரை உட்காரச் சொல். ஸ்லைடின் அடிப்பகுதி அவர்கள் தலைக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆகவே கீழ்ப்பகுதியில் முக்கியமானதை வைக்காதே. பிறகு உன் ஸ்லைடைத் தெரியாத ஒருவரை, பள்ளித் தோட்டக்காரரையோ சிற்றுண்டிச்சாலை அக்காவையோ அழைத்து, உரக்கப் படிக்கச் சொல். எந்த இடத்தில் அவர் தடுக்கினாரோ அந்த இடத்தைத் திருத்து. “இது உங்களுக்குப் புரியாது” என்று சொல்லிவிடாதே. அவர் தடுக்கினால் திருத்த வேண்டியது ஸ்லைடை. இதைச் செய்யக் கொஞ்சம் பணிவு வேண்டும். முதல் தடவை உனக்குக் கூச்சமாக இருக்கும். கூச்சம் ஒரு நாளில் போய்விடும். பழக்கம் உன்னோடு இருக்கும்.

12. நீ கற்றதை அடுத்தவருக்கு எளிதாக்கிக் கொடு.

வியூ பட்டையில் ஸ்லைடு மாஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. எழுத்துரு, எழுத்தளவு, வரி இடைவெளி, பத்திக்குப் பின் இடம் எல்லாவற்றையும் அங்கே ஒரு முறை வைத்துவிட்டால் அந்தத் தொகுப்பு முழுதும் அதைப் பின்பற்றும். அப்படி ஒரு தமிழ்க் கோப்பை அமைத்து, பள்ளியின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலோ சங்கத்தின் கணினியிலோ போட்டு வை. அடுத்து வருகிறவர் நீ தட்டுத்தடுமாறிய இடத்தில் தட்டுத்தடுமாற வேண்டாம். ஒருவருடைய ஸ்லைடு நெருக்கமாக இருப்பதைப் பார்த்தால் கூட்டத்தின் நடுவே சொல்லாதே. பிறகு தனியாக அழைத்து, அவர் கோப்பிலேயே ஒரு பெட்டியை மட்டும் மாற்றிக் காட்டு. முன்னும் பின்னும் அவரே பார்க்கட்டும். மூத்தவராக இருந்தால், “ஐயா, இப்படி வைத்தால் பின்னால் இருக்கும் பாட்டிமாருக்கும் தெரியும்” என்று சொல். அவர் மனம் கோணாது. நன்மை செய்யும்போதும் அடுத்தவர் முகம் வாடாமல் செய்யத் தெரிய வேண்டும். அதுதான் படித்த பிள்ளைக்கு அடையாளம்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. உன் கையில் இப்போது இருக்கும் கோப்பைத் திற. அதில் மிக நெருக்கமான ஒரு ஸ்லைடை எடுத்து, இரண்டு வரியை வெட்டு; இடைவெளியை 1.25க்குக் கொண்டுவா, எழுந்து சுவர் வரை பின்னால் போய் நின்று படித்துப் பார். அங்கிருந்து உனக்குச் சிரமமில்லாமல் தெரிந்தால் மற்ற ஸ்லைடுகளுக்கும் அதையே செய். உன் சொல் நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும், கண்ணு. நன்றாக இரு.